பெட்டகத்தைத் திறந்தவர்கள்

1917 நவம்பரில், ரஷ்யாவின் அன்றைய தலைநகரான பெத்ரோகிராத் நகரத்து வெளியுறவு அமைச்சக அதிகாரிகள் மொத்தமாக வேலையை விட்டு எழுந்து போனார்கள். புதிய போல்ஷெவிக் அரசின் வெளியுறவுக் கமிசாராக வந்த டிராட்ஸ்கி, சமாதான ஆணையை அயல்மொழிகளில் பெயர்த்துக் கொடுங்கள் என்று அவர்களிடம் கேட்டிருந்தார். முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பெட்டகச் சாவிகளும் சுலபத்தில் கிடைக்கவில்லை. மிரட்டலும் பேச்சுமாகச் சில நாள் இழுபறி நடந்த பிறகே கைக்கு வந்தன.

உள்ளே இருந்த காகிதங்களைப் பிரித்து, அச்சுக்கு அனுப்பும் பொறுப்பு நிக்கோலாய் மார்க்கின் என்ற பால்டிக் கடற்படை மாலுமியிடம் வந்தது. பெரிய படிப்பு இல்லாதவர். அவர் மேற்பார்வையில் ஏழு சிறு தொகுப்புகள் வெளிவந்தன. அதற்கு முன்பே, நவம்பர் 23 முதல், நாளேடுகளில் ஜார் அரசின் ரகசிய ஒப்பந்தங்கள் அச்சாகத் தொடங்கிவிட்டன. டிசம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கார்டியன் அவற்றை ஆங்கிலத்தில் போட்டது. மார்க்கின் அடுத்த ஆண்டே காமா ஆற்றில், உள்நாட்டுப் போரில், தன் கப்பலோடு உயிரிழந்தார். புரட்சியின் வரலாற்றில் அவர் பெயர் பெரிதாக வருவதில்லை. எனக்கோ, அந்த அரசு வெளியுறவில் செய்த மிகப் பெரிய காரியம் அவர் கையால் நடந்தது என்றே படுகிறது. (இங்கே சொல்லும் தேதிகள் எல்லாம் இன்றைய நாட்காட்டிப்படி. ரஷ்யாவில் அப்போது 13 நாள் பின்தங்கிய பழைய நாட்காட்டி இருந்தது. நவம்பரில் நடந்ததை ‘அக்டோபர் புரட்சி’ என்று சொல்வது அதனால்தான்.)

ஒரு புரட்சி அரசின் வெளியுறவுக் கொள்கை பற்றிப் பேச்சு எழுந்தால், சொன்ன கொள்கையில் நின்றார்களா, விட்டுக்கொடுத்தார்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். விட்டுக்கொடுக்காத அரசு என்று எதைக் காட்ட முடியும்? பசியும் படையெடுப்பும் வாசலில் நிற்கும்போது எந்த அரசும் வளையும். ஆகவே நான் கேட்பது இதைத்தான்: வளைந்தபோது தன் மக்களிடம் அதைச் சொன்னார்களா? சோவியத் ரஷ்யாவின் முதல் நான்கு ஆண்டுகளை இந்தக் கேள்வியோடு படித்தால், வழக்கமாகப் பழிக்கப்படும் இடங்கள் சில நியாயமாகத் தெரிகின்றன. வழக்கமாகத் தாண்டிப்போகும் இடங்கள் சில நெஞ்சை அறுக்கின்றன.

முதலில் சமாதான ஆணை. நவம்பர் 8 இரவு, ஸ்மோல்னி மாளிகையில், தொழிலாளர், படைவீரர் மன்றங்களான சோவியத்துகளின் இரண்டாவது காங்கிரசில் லெனின் அதைப் படித்தார். போரிடும் எல்லா நாடுகளும் உடனே பேச்சைத் தொடங்க வேண்டும், பிறர் நிலத்தைப் பிடுங்கக் கூடாது, தோற்றவனிடம் ஈட்டுத்தொகை கேட்கக் கூடாது, குறைந்தது மூன்று மாதம் போர்நிறுத்தம் வேண்டும். இவ்வளவையும் மற்றவர்களும் சொல்லியிருக்கலாம். ஆணையின் உயிர், பிறர் நிலத்தைப் பிடுங்குவது என்றால் என்ன என்று அது விளக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு சிறிய, வலுவில்லாத தேசத்தை அதன் தெளிவான, சுயவிருப்பமான சம்மதம் இல்லாமல் பெரிய அரசு ஒன்று தன்னோடு சேர்த்துக்கொண்டால் அது பிடுங்கல்தான். எப்போது சேர்த்தாய் என்பது பொருட்டில்லை. அந்த மக்கள் முன்னேறியவர்களா, பின்தங்கியவர்களா என்பது பொருட்டில்லை. அந்த நாடு ஐரோப்பாவில் இருக்கிறதா, கடல் கடந்து எங்கோ இருக்கிறதா என்பதும் பொருட்டில்லை.

அந்தக் கடைசி வரியை அன்றைய லண்டனிலும் பாரிசிலும் இருந்து படித்துப் பாருங்கள். பெல்ஜியத்தின் விடுதலைக்காகப் போரிடுகிறோம், அல்சாஸ்-லொரெய்னின் உரிமைக்காகப் போரிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். டிசம்பர் இறுதியில் டிராட்ஸ்கி விடுத்த அறிக்கை அதையே நேராகக் கேட்டது. அல்சாஸுக்கு சுயநிர்ணய உரிமை வேண்டும் என்கிறீர்கள். அயர்லாந்துக்கு? எகிப்துக்கு? இந்தியாவுக்கு? இந்தோசீனாவுக்கு? சில நாட்களில், 1918 ஜனவரி 5 அன்று, பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் தன் நாட்டின் போர் நோக்கங்களை விளக்கிப் பேச வேண்டி வந்தது. ஜனவரி 8 அன்று அமெரிக்க அதிபர் வில்சன் தன் 14 அம்சங்களை அறிவித்தார். அவற்றில் முதல் அம்சமே, ஒப்பந்தங்கள் வெளிப்படையாக எட்டப்பட வேண்டும் என்பது. பெத்ரோகிராத் பெட்டகம் திறக்காமல் இருந்திருந்தால் வில்சன் அதை முதலிடத்தில் வைத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பெட்டகத்துக்குள் என்ன இருந்தது? கான்ஸ்டான்டிநோபிளும் அதன் நீரிணைகளும் ரஷ்யாவுக்கு என்ற 1915-ஆம் ஆண்டு உடன்பாடு. போரில் எங்கள் பக்கம் சேர்ந்தால் தெற்கு டைரோல், டிரியெஸ்ட், டால்மேஷியக் கரையில் ஒரு பகுதி உனக்கு என்று இத்தாலிக்குக் கொடுத்த வாக்கு. ரைன் நதியின் இடது கரை பற்றி 1917 தொடக்கத்தில், ஜார் கவிழ்வதற்குச் சில வாரங்கள் முன்னால், பிரான்சும் ரஷ்யாவும் பேசி முடித்த கணக்கு. பிறகு, ஒட்டோமான் பேரரசின் அரபு நிலங்களை பிரிட்டனும் பிரான்சும் கோடு போட்டுப் பிரித்துக்கொண்ட 1916-ஆம் ஆண்டு சைக்ஸ்-பிக்கோ ஒப்பந்தம்.

மற்றவை போரோடு மங்கிவிட்டன, இது மட்டும் இன்றுவரை ஆறவில்லை. மெக்காவின் ஷெரிஃப் ஹுசைன் பிரிட்டனின் வாக்கை நம்பித் துருக்கியருக்கு எதிராக எழுந்தவர். அவருடைய மகன் ஃபைசல் பாலைவனத்தில் போரிட்டுக்கொண்டிருந்தார். தாங்கள் யாருக்காக நிலத்தை விடுவிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. டிசம்பரில் துருக்கியத் தளபதி ஜெமால் பாஷா பெய்ரூத்தில் மேடையேறி, மாஸ்கோக்காரர்கள் வெளியிட்டதைப் பாருங்கள் என்று போட்டு உடைத்தார். பிரிட்டிஷ் தரப்பு ஹுசைனிடம், அது முடிந்த ஒப்பந்தமே அல்ல, பேச்சுவார்த்தைக் குறிப்புகள் என்று சமாளித்தது. குறிப்புகளின்படியே நிலம் பிரிந்தது என்பது பின்னால் நடந்த கதை. ரகசிய ராஜதந்திரம் யாருக்குத் தேவை என்று டிராட்ஸ்கி அந்த வெளியீட்டோடு எழுதிய அறிக்கை சொல்கிறது: பெரும்பான்மையை ஏமாற்றித் தன் நலனுக்கு உட்படுத்த வேண்டிய நிலையில் இருக்கும் சொத்துடைய சிறுபான்மைக்கு. ஃபைசலின் குதிரைவீரர்களை நினைத்துக்கொண்டு படித்தால் அதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

அடுத்து, ஜெர்மன் தரப்போடு சமாதானம் பேசிய ஊரான பிரெஸ்ட்-லித்தோவ்ஸ்க். போல்ஷெவிக்குகளின் வெளியுறவில் அதிகம் திட்டு வாங்கியது இதுதான். சமாதானம் பேசப் போன முதல் குழுவில் தொழிலாளி, படைவீரர், மாலுமி, ஜாரின் காலத்தில் ஒரு ஜெனரலைச் சுட்டுக் கொன்ற அனஸ்தாசியா பித்செங்கோ என்று ஒவ்வொரு தரப்புக்கும் ஒருவர் இருந்தார்கள். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில்தான் விவசாயி இல்லையே என்று நினைவு வந்து, தெருவில் நடந்துபோன ரோமான் ஸ்தாஷ்கோவ் என்ற கிழவரை வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அங்கே பவேரிய இளவரசர் விருந்தளிக்க, எதிரே பிரபுக்களும் ஜெனரல்களும் உட்கார்ந்திருக்க, இவர்களும் அதே மேஜையில் சாப்பிட்டார்கள். சோவியத் தரப்பில் போன ராதெக் ரயில் ஜன்னல் வழியாக ஜெர்மன் சிப்பாய்களுக்குத் துண்டறிக்கை வீசினார். பேச்சுவார்த்தையில் சொன்னதெல்லாம் நாளேடுகளில் வர வேண்டும் என்பது சோவியத் தரப்பின் நிபந்தனை. ஜனவரியில் டிராட்ஸ்கி வந்து பேச்சை இழுத்துக்கொண்டே போனதும் அந்தத் துணிச்சலில்தான். நாங்கள் பேசுவது பெர்லின் தொழிலாளியின் காதில் விழட்டும், அவன் எழுவான் என்று.

அவன் எழத்தான் செய்தான். 1918 ஜனவரி கடைசியில் பெர்லினில் ஆயுதத் தொழிற்சாலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆனால் ஜெர்மன் ராணுவம் அதை நசுக்கிவிட்டது. பிப்ரவரி 10 அன்று டிராட்ஸ்கி, போரும் செய்ய மாட்டோம், கையெழுத்தும் போட மாட்டோம் என்று எழுந்து போனார். 18 அன்று ஜெர்மன் படை மறுபடி கிளம்பியது. தடுக்க ஆளில்லை. ஒரு பீரங்கியையும் கொஞ்சம் காலாட்படையையும் ரயிலில் ஏற்றி ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிப்ரவரி 23 அன்று கட்சியின் மத்தியக் குழு ஓட்டெடுத்தது. கையெழுத்திடலாம் என்று ஏழு பேர், கூடாது என்று நான்கு பேர், ஒதுங்கியவர்கள் நான்கு பேர். மார்ச் 3 அன்று கையெழுத்தானது. போலந்து, பால்டிக் பகுதிகள், உக்ரைன் எல்லாம் கையைவிட்டுப் போயின. பழைய பேரரசின் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

பிறர் நிலத்தைப் பிடுங்கக் கூடாது என்று உலகத்துக்குச் சொன்னவர்கள், நான்கே மாதத்தில் தங்கள் மீது நடந்த மாபெரும் பிடுங்கலை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார்கள். இதைத் துரோகம் என்று பேசியவர்கள் அன்றும் உண்டு, கட்சிக்குள்ளேயே உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஒப்பந்தம் கேவலமானது, இருந்தாலும் கையெழுத்திட வேண்டும் என்று லெனின் வெளிப்படையாகவே எழுதினார். புகாரின் குழுவினர் அதை எதிர்த்துத் தனியாக ஒரு நாளேடே நடத்தினார்கள். உள்ளூர் சோவியத்துகளுக்குத் தந்தி அடித்துக் கருத்துக் கேட்டார்கள். மார்ச் 15 அன்று சோவியத்துகளின் காங்கிரஸ் 784-க்கு 261 என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. ஆட்சியில் கூட்டாளிகளாக இருந்த இடது சோசலிஸ்ட் புரட்சியாளர்கள் எல்லோர் முன்னிலையிலும் விலகிப்போனார்கள். முழுக்க வெளிப்படை என்று நான் சொல்ல வரவில்லை. கட்சியின் ஏழாவது காங்கிரஸ் போட்ட தீர்மானத்தை மாதக்கணக்கில் வெளியிடாமல் வைத்திருந்தார்கள். ஆனாலும் எதை இழக்கிறோம், ஏன் இழக்கிறோம் என்று ஒரு சாதாரணத் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு பெரிய தோல்வியை இவ்வளவு வெளிச்சத்தில் ஏற்றுக்கொண்ட அரசு எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதே அரசு, அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று, ஜெர்மனியோடு துணை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டது. ரஷ்யா 600 கோடி மார்க் கொடுக்க வேண்டும் என்ற ஷரத்து வெளியே தெரிந்தது. போர் ஈட்டுத்தொகையே கூடாது என்ற ஆணைக்கு வயது ஒன்றுகூட ஆகவில்லை. அதையும் விடுங்கள், கழுத்தில் கத்தி இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தோடு கூடவே ரகசியக் கடிதங்களும் கை மாறின. ரஷ்யாவின் வடக்கே இறங்கியிருந்த நேசநாட்டுப் படைகளுக்கும் தெற்கே போல்ஷெவிக் எதிர்ப்பாளர்களின் தன்னார்வப் படைக்கும் எதிராக ஜெர்மன் ராணுவம் என்ன செய்யும் என்ற ஏற்பாடுகள் அவற்றில் இருந்தன. ரகசிய ராஜதந்திரத்தை ஒழித்துவிட்டோம் என்று சொல்லிப் பத்து மாதம்கூட முடியவில்லை. செப்டம்பரில் இரண்டு தவணையாக 90 டன்னுக்கு மேல் தங்கம் ஜெர்மனிக்குப் போனது. நவம்பரில் ஜெர்மனி தோற்றதும் சோவியத் அரசு பிரெஸ்ட் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. தங்கம் திரும்பவில்லை, வென்ற நேசநாடுகள் பக்கம் போய்விட்டது.

எங்கள் பெரியப்பா மில் தொழிற்சங்கத்தில் இருந்தவர். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி வந்த கெட்டி அட்டைப் புத்தகங்கள் அவருடைய மர அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இருந்தன. சமாதான ஆணையை நான் முதலில் படித்தது அவற்றில்தான். பல வரிகளின் கீழே அவர் சிவப்பு மசியில் கோடு போட்டு வைத்திருப்பார். ரகசிய ஒப்பந்தங்களை வெளியிட்டதைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. ஆகஸ்ட் கடிதங்கள் பற்றி நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை. அந்தப் புத்தகங்களை நம்பித் தன் வாழ்க்கையைச் சங்கத்துக்குக் கொடுத்தவர் அவர். மறைத்தவர்கள் முதலில் இழைத்த அநியாயம், எதிரிக்கு அல்ல, இப்படி நம்பியவர்களுக்கு.

சுயநிர்ணயக் கொள்கையின் கதையும் இப்படியேதான். நவம்பர் 15 அன்று, ரஷ்யாவின் மக்களினங்களுக்குப் பிரிந்துபோகும் உரிமை உண்டு என்று லெனினும் ஸ்டாலினும் கையெழுத்திட்ட பிரகடனம் வந்தது. பின்லாந்து கேட்டது. டிசம்பர் 31 இரவு அதன் தலைவர் ஸ்வின்ஹுஃப்வுத் ஸ்மோல்னி நடைக்கூடத்தில் காத்திருந்து அங்கீகாரக் காகிதத்தை வாங்கிப் போனார். உக்ரைனுக்கு டிசம்பர் 17 அன்று ஒரு கடிதம் போயிருந்தது. அதன் தொடக்கத்தில், நீங்கள் முழுமையாகப் பிரிந்துபோக உங்களுக்கு உரிமை உண்டு, உங்கள் குடியரசை அங்கீகரிக்கிறோம் என்று இருக்கிறது. முடிவில், 48 மணி நேரத்தில் திருப்தியான பதில் வராவிட்டால் உங்கள் ராதாவோடு (உக்ரைனை ஆண்ட மன்றம்) போர் நிலையில் இருப்பதாகக் கொள்வோம் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே தாளில்! ஜார்ஜியாவை 1920 மே 7 ஒப்பந்தத்தில் சுதந்திர நாடாக ஏற்றார்கள். அதிலும் ரகசிய ஷரத்து ஒன்று, உள்ளூர் போல்ஷெவிக்குகளைச் சட்டபூர்வமாக இயங்கவிட வேண்டும் என்று. 1921 பிப்ரவரி 25 அன்று செஞ்சேனை திபிலிசிக்குள் நுழைந்தது. ஜார்ஜியா பற்றிய பகுதியை என்னால் எந்தச் சமாதானமும் சொல்லிக்கொண்டு படிக்க முடிவதில்லை.

கடன் ரத்து பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 1918 பிப்ரவரி 3 ஆணையால் ஜார் வாங்கிய அயல்கடன் எல்லாம் செல்லாது என்றார்கள். பிரான்சில் சிறு சேமிப்பாளர்கள் லட்சக்கணக்கில் ரஷ்யப் பத்திரம் வாங்கி வைத்திருந்தார்கள், அவர்கள் கோபம் மூன்று தலைமுறைக்கு நீடித்தது. சோவியத் ஒன்றியமே மறைந்த பிறகு, 1997-இல், ரஷ்யா 40 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்து அந்தக் கணக்கை முடித்தது.

கிழக்கு நாடுகளுக்குச் சொன்ன சொல்தான் நமக்குக் கிட்டத்தில் வருவது. 1917 டிசம்பர் 3 அன்று ரஷ்யாவிலும் கிழக்கிலும் உள்ள உழைக்கும் முஸ்லிம்களுக்கு ஒரு அறைகூவல் வந்தது. பாரசீகத்தைப் பிரிக்கும் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது, துருக்கியைப் பிரிக்கும் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது என்றது. தூர இந்தியாவும் எழுகிறது என்று அதில் ஒரு வரி உண்டு. 1919 ஜூலையில் சீனாவுக்கு, வெளியுறவுத் துணைக் கமிசார் கரகான் பெயரில் ஒரு அறிக்கை. ஜார் காலத்துத் தனிச்சலுகைகளைக் கைவிடுகிறோம், பாக்ஸர் கிளர்ச்சிக்காக வாங்கிய ஈட்டுத்தொகை வேண்டாம் என்று. பீக்கிங்குக்கு அடுத்த மார்ச்சில் போய்ச் சேர்ந்த வாசகத்தில், மஞ்சூரியா வழியாக ஓடும் சீனக் கிழக்கு ரயில்பாதையை இழப்பீடு கேட்காமல் திருப்பித் தருகிறோம் என்றும் இருந்தது. மாஸ்கோ நாளேட்டில் வந்த வாசகத்தில் அந்த வரி இல்லை. பிற்பாடு சீனர்கள் கேட்டபோது, அப்படிச் சொல்லவே இல்லை என்றார்கள். வெர்சாயில் எல்லா வல்லரசுகளும் கைவிட்ட நேரத்தில், இந்த அறிக்கையைப் படித்து நெகிழ்ந்து நன்றி எழுதிய சீன மாணவர்களும் சங்கங்களும் ஏராளம். அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இந்தியர்களும் அந்த அறைகூவலை நம்பிப் போனார்கள். சென்னையில் பிறந்து, பாண்டிச்சேரியில் பாரதியின் ‘இந்தியா’ ஏட்டோடு இருந்து, பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி ஐரோப்பா, துருக்கி என்று சுற்றிய எம்.பி.டி. ஆச்சார்யா 1919-இல் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்த இந்தியக் குழுவில் ஒருவர். ராஜா மகேந்திர பிரதாப்பும் பர்கத்துல்லாவும் அதே குழுவில் இருந்தார்கள். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களிலும் ஆச்சார்யா உண்டு. எம்.என். ராய் அங்கே இந்திய இளைஞர்களுக்கு ராணுவப் பள்ளி நடத்தினார். துருக்கி கலீஃபாவின் ஆட்சியைக் காக்கும் கிலாஃபத் இயக்கத்துக்காக நாட்டை விட்டு மலை கடந்து நடந்தே வந்த முஹாஜிர்கள் பலர் அதில் சேர்ந்திருந்தார்கள்.

1921 மார்ச் 16 அன்று லண்டனில் சோவியத் பிரதிநிதி கிராசினும் பிரிட்டிஷ் அமைச்சர் ராபர்ட் ஹோர்னும் ஆங்கிலோ-சோவியத் வணிக உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். ஆசிய மக்களை, குறிப்பாக இந்தியாவிலும் ஆப்கானிஸ்தானிலும், பிரிட்டிஷ் பேரரசுக்கு எதிராகத் தூண்டும் எந்தச் செயலிலும் பிரச்சாரத்திலும் ஈடுபட மாட்டோம் என்று சோவியத் தரப்பு அதில் ஒப்புக்கொண்டது. தாஷ்கண்ட் பள்ளி அந்த ஆண்டே மூடப்பட்டது. ஒரு இந்தியனாக இதைப் படிக்கும்போது வலிக்கிறது. ஆனால் அந்த மாதம்தான் குரோன்ஸ்டாட் கடற்படைத் தள மாலுமிகள் போல்ஷெவிக் அரசுக்கு எதிராக எழுந்தார்கள், வோல்கா கரையில் பஞ்சம் தலைகாட்டிக்கொண்டிருந்தது, நாடு ஏழாண்டுப் போரில் எலும்பாகிக் கிடந்தது. முக்கியமாக, அந்த ஷரத்து அச்சில் இருந்தது. நம்மை விட்டுவிட்டார்கள் என்று ஒரு இந்தியப் புரட்சிக்காரன் அதைப் படித்துத் தெரிந்துகொண்டு, தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள முடிந்தது. ஆச்சார்யா அப்படித்தான் செய்தார். மாஸ்கோவை விட்டு விலகி, அரசின்மைவாதியாகி, கடைசியில் பம்பாயில் வறுமையில் 1954-இல் இறந்தார்.

ரகசியத்தின் பாதை எங்கே போய் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 1939 ஆகஸ்டில் ஹிட்லரின் ஜெர்மனியோடு கையெழுத்தான ரகசிய நெறிமுறை, போலந்தையும் பால்டிக் நாடுகளையும் கோடு போட்டுப் பிரித்தது. சைக்ஸும் பிக்கோவும் போட்டதைப் போன்ற ஒரு கோடு. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று மாஸ்கோ ஐம்பது ஆண்டுகள் சாதித்தது. 1989 டிசம்பரில்தான் சோவியத் மக்கள் பிரதிநிதிகள் காங்கிரஸ் அதை ஒப்புக்கொண்டு கண்டித்தது.

பாரசீகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1921 பிப்ரவரி 26 அன்று அந்த நாட்டோடு சோவியத் அரசு நட்பு ஒப்பந்தம் செய்தது. ஜார் கொடுத்த கடன்கள் தள்ளுபடி. ரஷ்ய வங்கி, சாலைகள், ரயில், அன்சாலித் துறைமுக வசதிகள் எல்லாம் இலவசமாகப் பாரசீகத்துக்கு. ஒரு வல்லரசு தானாக முன்வந்து இவ்வளவையும் விட்டுக்கொடுத்தது அன்றைய ஆசியாவில் கேட்டிராத செய்தி. இதற்கு விலையும் இருந்தது. கீலான் காடுகளில் சோவியத் ஆதரவோடு குடியரசு நடத்திய மிர்சா கூச்சிக் கானுக்கு, ஆயுதத்தைக் கீழே வையுங்கள் என்று தெஹ்ரானிலிருந்த சோவியத் தூதர் ரோத்ஷ்டைன் கடிதம் எழுதினார். அந்த ஆண்டுக் கடைசியில் கூச்சிக் கான் மலைப்பனியில் உறைந்து செத்தார். ஒப்பந்தத்தின் ஆறாவது ஷரத்து இன்னொரு முள். மூன்றாம் நாடு ஒன்று பாரசீக மண்ணை ரஷ்யாவைத் தாக்கப் பயன்படுத்தினால், சோவியத் படை உள்ளே வரலாம் என்றது அது. 1941 ஆகஸ்டில் அதைக் காட்டியே வந்தார்கள். போர் முடிந்தும் கிளம்பாததால் 1946-இல் ஈரான் ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போனது. மே மாதம் படை வெளியேறியது.

ஷரத்து மட்டும் காகிதத்தில் எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. 1979-இல் ஷாவைக் கவிழ்த்து ஈரானில் புரட்சி அரசு வந்தது. கிழக்கும் வேண்டாம், மேற்கும் வேண்டாம் என்பது அதன் முழக்கம். அந்த நவம்பரில் அதன் புரட்சிக் கவுன்சில் இரண்டு முடிவுகளைச் சேர்த்து அறிவித்தது. அமெரிக்காவோடு 1959-இல் ஷா போட்ட பாதுகாப்பு உடன்பாடு ரத்து. ரஷ்யாவோடு 1921-இல் போட்ட ஒப்பந்தத்தின் ஐந்தாவது, ஆறாவது ஷரத்துகளும் ரத்து.